டேப்பின் மறுபக்கம்

முப்பது வருஷமாய்க் கழுத்தில் கிடக்கிற டேப்பின்
மறுபக்கத்தை நான் பார்த்ததில்லை.
தாராவி தொண்ணூறடி ரோட்டில் எந்தப் பெண்ணும்
சென்டிமீட்டரில் மார்பளவு சொல்வதில்லை.

பரேலில் அந்த ஆள் குளிர்ந்த பசையை
விலாவுக்கடியில் தடவினான்.
"சாஸ் ரோக்கோ" என்றான்.
மூச்சை நிறுத்தினேன்.
விடச் சொல்ல மறந்துவிட்டான்.
திரையில் எதையோ சுண்டுவிரலால் காட்டி
இன்னொருவனைக் கூப்பிட்டான்.
ஈரக்குலை நடுங்கிற்று என்று சும்மா சொல்வோமே,
அன்றைக்கு அது நடுங்கியதை
அவர்கள் இருவரும் பார்த்திருப்பார்கள்.

இரண்டு புள்ளி ஒன்று.
கடைக்கு வந்து டேப்பைத் திருப்பிப் பிடித்தேன்.
கோட்டுப் பட்டன்.
டப்பாவில் தேடியெடுத்து விளக்கடியில் வைத்தேன்.
பழுப்பு நிறம், நாலு துளை.
இதுவா.

சந்து முழுக்க ஒரே கேள்வி, யாரும் கேட்காத கேள்வி.
ஈரல் என்றால் குடி.
குடித்தது தவமணி.
அவர் ஈரல் பளிங்காய் இருக்கிறதாம்,
அதையும் படமெடுத்துப் பார்த்தோம்.

எனக்கு ரத்தத்தில் பி வகைக் கிருமி.
பெற்றபோதே அம்மா கொடுத்திருக்கலாம்,
சாத்தான்குளத்தில் ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி
வரிசையாய்க் குத்திய கம்பவுண்டர் கொடுத்திருக்கலாம்.
யாரைத் திட்ட?
ரத்ததான முகாமில் திருப்பி அனுப்பியபோதே சொன்னார்கள்,
ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் என்று.
இரண்டு தரம் போனேன்.
மூன்றாம் தரம் தீபாவளி சீசன்.
நாலாம் தரம் மகள் பியூலா கடையைப் பூட்டிச்
சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கார்க்கானிஸ் சின்னப் பெண்.
குர்த்தியின் இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது.
மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்தாள்:
ஒன்றுதான். குழாயைத் தொடவில்லை. வெளியே போகவில்லை.
மீதி ஈரல் தழும்பேறினாலும் வேலை செய்கிறது.
அறுக்கலாம், சுடலாம்,
உங்களுக்குச் சுட்டால் போதும்.
விலா இடுக்கில் ஊசி, நுனியில் மட்டும் சூடு,
கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும்
ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையும் எரியும்.

நல்லதை எதற்கு என்று வாயெடுத்தேன்.
அதற்குள் புரிந்துவிட்டது.
தையலுக்கு விடுகிற துணி.
ஒட்ட வெட்டினால் முதல் துவைப்பிலேயே பிரிந்துவிடும்.
"ஹா, மார்ஜின்" என்றேன்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

ஒன்பதாம் நம்பரிலிருந்து பதினெட்டு வரை
எனக்குத் தெரியாத ஊசி கிடையாது.
இது சாணுக்கும் மேல் நீளம்.
கண் விழித்தபோது வலித்தது வலது தோள்பட்டை.
ஈரலைச் சுட்டால் தோள் வலிக்குமாம்.
உள்ளே எந்த நூல் எங்கே ஓடுகிறதோ.

மூன்றாம் மாசப் படத்தில் நாலு என்று போட்டிருந்தது.
இரண்டு நாலாகிவிட்டது.
ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
மேலே போனால் அவள் சிரிக்கிறாள்:
அது கட்டி இல்லை அம்மா, சுட்ட தடம்.
கட்டியைவிடப் பெரிதாய்த்தான் இருக்கணும்.
கருப்பாய் இருக்கிறது பாருங்கள், ரத்தம் ஏறவில்லை,
அதுதான் எங்களுக்கு வேணும்.

திரும்ப வராதே?

வரலாம், என்றாள். வேறு மூலையில், வேறு வருஷம்.
அதற்குத்தான் வரச் சொல்கிறேன்.
மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

பொய் சொல்லாததற்காக
அந்தத் தோளைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன்.

பியூலாவுக்கு ரத்தம் பார்த்தாயிற்று, இல்லை.
தடுப்பூசி மூன்றில் இரண்டு முடிந்தது.

அளவு நோட்டில்
உஜ்வலா தாய், மார்பு முப்பத்தெட்டு, பின்கழுத்து ஏழு,
அதற்குக் கீழே
செல்லக்கனி, ஸ்கேன், ஜூலை பதினாலு.
அட்வான்ஸ் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன்.
பாக்கி என்ற கட்டத்தில்
எதுவும் எழுதவில்லை.